கிராமத்துக்கு எட்டும் சத்திரசிகிச்சை

மனிதருக்கு வரும் நோய்கள் யாவும் மருந்தினால் மட்டும் தீர்வன அல்ல. சிலவற்றைக் குளிகை தீர்க்கும். சிலவற்றைப் பத்தியம் தீர்க்கும். வேறு சிலவற்றையோ ஆயுதமே தீர்க்கும். பனையிலிருந்து தவறி விழுந்தவரின் காலெலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியுமானால், அதற்குக் குளிகை இல்லை. குடல்வால் வீங்கி வெடித்து வயிறெங்கும் சீழ் பரவியவருக்குக் கசாயம் உதவாது. பிள்ளை குறுக்கே கிடக்க வேதனைப்படும் தாய்க்கு ஆறுதல் மொழி போதாது. இம்மூவருக்கும் வேண்டுவது சத்திரசிகிச்சை. அதுவும் காலந்தாழ்த்தாது கிடைக்கும் சத்திரசிகிச்சை.

இம்மூன்று நிலைமைகளும் உலக மருத்துவ அறிஞர்கள் உரைகல்லாகக் கொண்டவை. ‘லான்செற்’ என்னும் மருத்துவ வார இதழ் அமைத்த ஆணைக்குழுவொன்று 2015ஆம் ஆண்டில் உலகின் சத்திரசிகிச்சை நிலை பற்றித் தன் அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் சத்திரசிகிச்சையை உரிய காலத்திற் பெற இயலாதவர்கள் உலகில் ஏறக்குறைய 500 கோடிப் பேர் என அது கணக்கிட்டது. உயிர்களைக் காக்கவும் ஊனங்களைத் தடுக்கவும் ஆண்டுதோறும் 14 கோடியே 30 இலட்சம் சத்திரசிகிச்சைகள் மேலதிகமாக வேண்டும் என்றும் அது கூறியது. ஒரு நாட்டின் வசதியை அளப்பதற்கு அக்குழு வகுத்த வழி எளிதானது. வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் சிகிச்சை, தோல் கிழிந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் செய்யவல்ல வைத்தியசாலையை மக்களுள் எத்தனை பேர் இரண்டு மணி நேரத்துள் அடைய முடியும் என்பதே அக்கேள்வி.

இக்கேள்வியை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுவே கோப்பாயில் நின்று கேட்டுப் பார்ப்போமாக. ஆசிரிய கலாசாலையாலும் செம்மண் தோட்டங்களாலும் பெயர் பெற்ற இவ்வூர், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்துள்ளது. ஊருக்கென ஒரு பிரதேச வைத்தியசாலை உண்டு. வட மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலையாகிய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையோ பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவில் இருக்கின்றது. எனவே, ‘கோப்பாய் மக்களுக்குச் சத்திரசிகிச்சை எட்டாத பொருளன்று; இரண்டு மணி நேரம் என்ன, அரை மணி நேரமே போதும்’ என ஒருவர் கூறலாம். வீதியை அளந்தால் அக்கூற்று உண்மையே. நோயாளியை அளந்தாலோ விடை வேறாகும்.

தோட்டத்தில் வெங்காயம் நடும் முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்குப் பல்லாண்டாக நீரிழிவு. பாதத்தின் நரம்புகள் உணர்விழந்துவிட்டன. முள்ளொன்று தைத்தது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அது சிறு புண். நகரத்துக்குச் சென்றால் ஒரு நாட் கூலி போய்விடும்; கூட்டிச் செல்வதற்கு மகனும் வேலையை விடவேண்டும்; போதனா வைத்தியசாலையிலோ நெடிய வரிசை. ‘நாளைக்குப் போகலாம்’ என்று அவர் இருக்கின்றார். நாளை என்பது மறுவாரம் ஆகின்றது. முதல் நாளில் ஒரு சிறு கத்தரிக்கோலும் சுத்தமான துணியும் தீர்த்திருக்கக் கூடிய புண், மூன்றாம் வாரத்திற் காலையே களையவேண்டிய நிலைக்கு வந்துவிடுகின்றது. இங்கே காலத்தைத் தின்றது தூரமன்று. செலவும் அலைச்சலும் தயக்கமுமே. சத்திரசிகிச்சையை மக்களுக்கு எட்டச் செய்தல் என்பது இத்தடைகளைக் களைவதேயாகும்.

தமிழருக்கு ஆயுத வைத்தியம் புதியதன்று. போரிற்பட்ட விழுப்புண்ணை நெடிய வெள்ளூசியால் தைத்த தழும்பினைப் பற்றிப் ‘பதிற்றுப்பத்து’ பேசுகின்றது. யாழ்ப்பாண அரசர் காலத்துப் பெயர் தாங்கிய ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்னும் வைத்திய நூல்கள் இன்றும் வழக்கில் உள்ளன. முறிவு நெரிவுக்குப் பத்துக் கட்டும் பரம்பரை வைத்தியர் குடாநாட்டிற் பலர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். ஆயினும் வலியின்றி வெட்டுதலும் சீழ் பிடியாது ஆற்றுதலும் 19ஆம் நூற்றாண்டில் மேல்நாடு கண்ட இரு பேறுகள். 1846 ஒக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் ஆவியை முகரச் செய்து, நோயாளி வலியறியாதிருக்கக் கட்டியொன்றை அகற்றிக் காட்டினர். அதன் பின் ஓராண்டளவில், அந்நகர் அமைந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீனுக்கு முன்பே, 1820இலிருந்து பண்டத்தரிப்பில் டாக்டர் ஜோன் ஸ்கடரும், பின்னர் வட்டுக்கோட்டையில் டாக்டர் நேதன் வார்டும் அமெரிக்க மிசன் சார்பில் மருத்துவப் பணி புரிந்தனர். 1847இல் வந்த கிறீன் மறுவருடம் மானிப்பாயில் நிலைகொண்டு நோயாளரைப் பார்க்கலானார். நோயாளரோ பல்லாயிரம், வைத்தியரோ ஒருவர். தாம் ஒருவரே எத்தனை கட்டியைக் கீறுவது, எத்தனை முறிவைக் கட்டுவது? ஆகவே அவர் இவ்வூர் இளைஞரைத் தேர்ந்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பயிற்றிய வைத்தியர் தொகை அறுபதுக்கும் மேற்பட்டது.

ஆனால் கிறீனின் பெருமை ஆளெண்ணிக்கையில் மட்டும் அடங்குவதன்று. ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிடுவதை அவர் கண்டார். கிராமத்துக்கென வளர்த்த மரத்தின் நிழல் வேறோரிடத்தில் விழுந்தது. ஊரிலேயே தங்கி ஊராருக்குத் தொண்டாற்றும் வைத்தியர் வேண்டுமாயின், அவர்களுக்குத் தாய்மொழியிலேயே மருத்துவத்தைக் கற்பித்தல் வேண்டும் என அவர் துணிந்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின் இம்முயற்சியில் முழு மூச்சாக ஈடுபட்டார். நூல்கள் இல்லை, கலைச்சொற்களும் இல்லை. மாணவர் துணையுடன் இரண்டையும் அவர் ஆக்கினார். சத்திரசிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலும் ‘வைத்தியாகரம்’ என்னும் பெருநூலும் 1872இல் வெளிவந்தன. பிரித்தானியாவிலே ஜோசப் லிஸ்ரர், காபாலிக் அமிலத்தாற் புண்ணைச் சீழ் பிடியாது காக்கும் தம் முறையை உலகுக்கு வெளியிட்டதும் அதே 1867ஆம் ஆண்டிலேதான் என்பது நினைக்கத்தக்கது. உலகில் நவீன சத்திரசிகிச்சை பிறந்துகொண்டிருந்த அதே வேளையில், அக்கலையின் அடிப்படைகள் மானிப்பாயில் தமிழிலே படிக்கப்பட்டன.

1873இல் கிறீன் இந்நாட்டை விட்டு நீங்கினார், 1884இல் மறைந்தார். அவர் செயலினின்றும் இன்று எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. சத்திரசிகிச்சையைப் பரப்ப விரும்பியவர் முதலிலே தேடியது பெரிய கட்டடத்தையன்று. ஊரிலே தங்கக்கூடிய கைகளை. கட்டடங்களும் பின்னர் எழுந்தன. அரசாங்க அதிபர் டைக் முன்னின்று 1850இல் யாழ்ப்பாண நகரில் நிறுவிய வைத்தியசாலையே இன்றைய போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. 1898இல் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக எழுந்தது. 1936இல் மூளாயில் ஊர்மக்களே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்றை அமைத்துக்கொண்டனர். போர்க்காலத்தில் மின்சாரமும் எரிபொருளும் மருந்தும் அரிதாகிய ஆண்டுகளிலே, யாழ்ப்பாணத்திலும் மந்திகையிலும் சத்திரசிகிச்சைக் கூடங்களின் விளக்கு அணையாது காத்தவர்கள் வைத்தியரும் தாதியரும் சிற்றூழியருமே. மந்திகையில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் சத்திரசிகிச்சைக் குழுக்களும் துணை நின்றன. கட்டடம் சிதைந்தபோதும் கைகள் இருந்தமையாற் பணி நின்றுவிடவில்லை.

இனி, இன்று கோப்பாய் போன்ற ஓர் ஊரின் வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை வசதியை எவ்வாறு பெருக்கலாம் என ஆராய்வோம். செய்யலாகாதது எது என்பதை முதலில் அறிதல் நன்று. ஒவ்வொரு சிறு வைத்தியசாலையிலும் பெரிய சத்திரசிகிச்சைக் கூடம் ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லாம் நிறைவேறும் என்பது பலருடைய எண்ணம். வெட்டுதல் அத்துணை அரிதன்று. நோயாளியை உறங்கவைத்துப் பழுதின்றி மீண்டும் எழுப்புதலே அரிது. அதற்கு மயக்கமருந்து நிபுணர் வேண்டும். இரத்த வங்கி வேண்டும். ஒட்சிசனும் தடையற்ற மின்சாரமும் வேண்டும். இரவிலும் பகலிலும் விழித்திருந்து பார்க்கும் தாதியர் வேண்டும். நிபுணர் பணியாற்றுவது இலங்கையின் முறைப்படி ஆதார வைத்தியசாலைகளிலும் அவற்றின் மேற்பட்டவற்றிலுமேயாம். பிரதேச வைத்தியசாலைகளைப் பொது மருத்துவ உத்தியோகத்தரே நடத்துகின்றனர்.

மகப்பேற்றினை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஒரு காலத்திற் சிறு வைத்தியசாலைகளிலும் மருத்துவச்சியர் துணையுடன் வீடுகளிலும் நிகழ்ந்த பிரசவங்கள், இன்று பெரும்பாலும் மகப்பேற்று நிபுணர் உள்ள வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. தாயிறப்பு இந்நாட்டில் வெகுவாகக் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாவற்றையும் அருகிற் கொண்டுவருவதே நன்மை என்பதில்லை. சிலவற்றை அருகிலும், சிலவற்றைத் தகுந்த இடத்திலும் வைத்து, இரண்டிற்கும் இடையே அறுபடாத தொடர்பை ஏற்படுத்துவதே நன்மை.

அவ்வாறாயின் ஊர் வைத்தியசாலைக்கு உரிய பணி யாது? நான்கினைக் கூறலாம்.

முதலாவது, ஆபத்தில் வந்தவரை நிலைப்படுத்தி அனுப்புதல். குருதிப்பெருக்கை அழுத்திக் கட்டி நிறுத்துதல், மூச்சுக்குழாயிலே தடை நேராது காத்தல், முறிந்த உறுப்பைப் பலகை வைத்து அசையாமற் கட்டுதல், நாளத்தில் சேலைன் ஏற்றுதல், ஏற்பு ஊசி போடுதல், செல்லுமிடத்துக்கு முன்னறிவித்தல் என்பன இதன்பாற்படும். வெளித்தெரியும் எலும்பு முறிவைப் பத்துக்கட்டி வீட்டில் வைத்திருக்கலாகாது என ஊராருக்கு உணர்த்துவதும் இப்பணியைச் சார்ந்ததே. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ என்னும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை, 2018 யூலையில் யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்த விழாவுடன் வட மாகாணத்துக்கும் விரிந்தது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் வண்டி வாசலுக்கு வரும். இவ்வெண்ணைச் சிறு பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சிறு சத்திரசிகிச்சைகளை அவ்விடத்திலேயே முடித்தல். விறைப்பு ஊசியுடன் செய்யத்தக்க பணிகள் பல உண்டு. சீழ்க்கட்டியைக் கீறுதல், வெட்டுக்காயத்தைத் தைத்தல், சதைக்குள் வளர்ந்த நகத்தை அகற்றுதல், நீரிழிவுப் புண்ணின் அழுகிய பாகத்தைக் களைதல் ஆகியவை அத்தகையன. இவை ஒவ்வொன்றும் பார்வைக்குச் சிறியது. ஆயினும் அவை ஊரிலே முடியுமானால், நகரத்து வைத்தியசாலையின் கட்டிலும் நிபுணரின் நேரமும் உயிருக்குப் போராடும் ஒருவருக்காக மீதமாகின்றன.

மூன்றாவது, சத்திரசிகிச்சை வேண்டியவரைக் கண்டறிந்து ஆயத்தஞ் செய்தல். குடலிறக்கமுள்ளவர் பலர் வெட்கத்தினாலே அதனை மறைத்து வாழ்கின்றனர். குடல் நெரிபட்ட நள்ளிரவிலேதான் வண்டி தேடுகின்றனர். கண்புரை படர்ந்த மூதாட்டியோ, ‘வயது வந்தால் இப்படித்தான்’ என்று இருட்டிலேயே இருந்துவிடுகின்றார். மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 11 கட்டில்களுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கொரு வழியைக் காட்டிற்று. கண்ணைச் சோதிக்க வைத்தியர் கிராமத்துக்குச் சென்றனர். சத்திரசிகிச்சை வேண்டியவரை வாகனத்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொணர்ந்தனர். பார்வை பெற்றபின் மீண்டும் ஊரிற் சேர்த்தனர். கத்தி கிராமத்துக்குச் செல்லவில்லை; கிராமம் கத்தியிடம் அச்சமின்றிச் செல்லும் வழியே அமைக்கப்பட்டது. நிபுணர் ஒருவர் குறித்த நாட்களில் ஊர் வைத்தியசாலைக்கு வந்து கிளினிக் நடத்துவாராயின், இரத்தமும் சிறுநீரும் அங்கேயே சோதிக்கப்படுமாயின், சத்திரசிகிச்சைக்குரிய நாளும் அங்கேயே குறிக்கப்படுமாயின், நோயாளிக்கு நகரப் பயணம் ஒன்றே போதும்.

நான்காவது, சத்திரசிகிச்சையின் பின் வரும் பராமரிப்பு. மக்கள் ‘துண்டு வெட்டுதல்’ என்று கூறும் விடுவிப்புடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. கட்டு மாற்றவேண்டும், தையல் பிரிக்கவேண்டும், புண் சிவக்கின்றதா, காய்ச்சல் வருகின்றதா எனப் பார்க்கவேண்டும். இவற்றுக்காக முதியவர் ஒருவர் நகரத்துக்குப் பல முறை பேருந்தேறுவதும், ஊரின் தாதியிடம் நடந்து செல்வதும் ஒன்றாகா. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நகரத்து வைத்தியர் செய்தது இன்னதென்பது கிளினிக் கொப்பியிலே தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுத்துத் தெளிவில்லாதவிடத்துச் சிகிச்சையின் தொடர்ச்சியும் அறுந்துபோகும். நிபுணர் உள்ள ஒரு வைத்தியசாலையைச் சூழவுள்ள சிறு வைத்தியசாலைகளை அதனோடு ஒரு கொத்தாகப் பிணைக்கும் கொள்கையை இலங்கைச் சுகாதார அமைச்சு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டுள்ளது. அக்கொள்கையின் உயிர், இவ்வாறான சிறு தொடர்புகளிலேயே உள்ளது.

இந்நான்கு பணிகளுக்கும் அடிப்படை தூய்மை. கருவி பளபளப்பாக இருத்தல் தூய்மையன்று. கொதிநீரில் இட்டு எடுப்பதும் போதாது. சில கிருமிகளின் வித்துக்கள் கொதிநீரையும் தாங்கும். நீராவியை அழுத்தத்துடன் செலுத்தும் ‘ஓட்டோகிளேவ்’ கருவியில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்திற் குறைந்தது 15 நிமிடமும், துணியிற் பொதிந்தவற்றை அதனினும் கூடிய நேரமும் வைத்தல் வேண்டும். தூய்மைக்கு அடுத்தது ஒழுங்கு. உலக சுகாதார நிறுவனம் 19 வினாக்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வகுத்தது. மயக்கமருந்து கொடுக்குமுன், கீறுமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மூன்று வேளைகளில் அதனை உரத்து வாசித்தல் வேண்டும். நோயாளி இவர்தாமா, வெட்டவேண்டிய பக்கம் இதுதானா, துணியும் ஊசியும் எண்ணப்பட்டனவா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. எட்டு நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் அதனைக் கைக்கொண்டபோது, சத்திரசிகிச்சையின் பின்னரான இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரு தாளும் அதனை வாசிக்கும் பணிவும் இவ்வளவு உயிர்களைக் காக்குமாயின், வறிய வைத்தியசாலை என்று மனந்தளர வேண்டுவதில்லை.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, மருத்துவத்துக்கு நான்கு பகுதிகளை வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் அந்நான்கினுள் ஒன்று குறையினும் சிகிச்சை நிறைவுறாது. இக்காலத்தில் நாம் மூன்றாவதையே பெரிதும் பேசுகின்றோம். கருவி வந்ததா, கட்டடம் திறக்கப்பட்டதா என வினவுகின்றோம். திறப்பு விழாவன்று வாழை கட்டுகின்றோம். நோய் தீர்ப்பவரும் அருகிருந்து பேணுபவரும் நிலையாக உளரா என்பதை வினவுவோர் சிலரே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் இந்நாட்டை விட்டுச் சென்றனர். அக்காலத்தில் கிறீன் கண்ட அதே குறையே இன்று பெரிதாகி நிற்கின்றது. அவர் கண்ட மருந்தும் பழுதுபட்டுவிடவில்லை. ஊரோடு வேரூன்றியவரைத் தேர்ந்து, அவருக்கு உயர்ந்த பயிற்சியளித்து, தங்குவதற்கு விடுதியும் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடமும் செய்த பணிக்கு மதிப்பும் கொடுத்தால், அவர் தங்குவார். ஊரைச் சேர்ந்த தாதியொருவர் கட்டு மாற்றும் கலையிற் சிறந்த பயிற்சி பெற்றுவிட்டால், மாறிமாறி வரும் வைத்தியர் பலருக்கும் அவரே துணையாவார்.

ஊராருக்கும் கடமை உண்டு. மூளாய் மக்கள் ஒன்றுகூடி வைத்தியசாலையையே அமைத்தார்கள்; கோப்பாய் மக்களுக்கு வைத்தியசாலை ஏற்கெனவே உண்டு. குருதிக்கொடை முகாம்களுக்கு இளைஞரை அனுப்புதல், நோயாளர் நலன்புரிச் சங்கத்திலே பங்குபற்றுதல், துணையற்ற முதியவருடன் கிளினிக்குக்குக் கூடச் செல்லுதல் என்பன செலவற்ற தொண்டுகள். யாவற்றினும் மேலாக, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்னும் சொல்லை வீட்டிலிருந்து விரட்டுதல் வேண்டும்.

தோட்டத்து முதியவரிடம் மீண்டும் வருவோம். முள் தைத்த மறுநாட் காலையில், நீரிழிவாளர் பாதத்தை நாள்தோறும் பார்க்கவேண்டும் எனக் கற்றிருந்த மருமகள் அப்புண்ணைக் காண்கின்றாள். இருவரும் ஊர் வைத்தியசாலைக்கு நடந்து செல்கின்றனர். அழுகிய தோல் சிறிது களையப்படுகின்றது. தூய கட்டுப் போடப்படுகின்றது. நிபுணர் வரும் நாள் கொப்பியிற் குறிக்கப்படுகின்றது. சில கிழமைகளில் அவர் தம் இரு கால்களாலும் செம்மண்ணை மிதித்து நிற்கின்றார். பத்திரிகையிலே இதற்குச் செய்தி வராது. திறப்பு விழாவும் இல்லை. எனினும் ஒரு வைத்தியசாலையின் பயனை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் வேறில்லை.